எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க

“சரின்னுட்டாங்களா? எதுக்குச் சரின்னாங்க?”

மகள் வாயசைத்து ‘சரி’ என்று காட்டியதும் அப்பாவின் குரல் கீச்சென்று உடைந்தது. அம்மா கையிலிருந்த கத்திரியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள். வக்கீல் என்று பட்டப்பெயர் வாங்கிய அந்த மகள் போனைக் காதோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் இருவரையும் ‘பொறுங்க, பொறுங்க’ என்று அடக்கினாள். அந்தப் பக்கம், வெளிநாட்டில் கடையை வாடகைக்குத் தரப்போகும் கட்டடக்காரம்மா நிறுத்தவே இல்லை. தூசி பறந்தால் பறக்கட்டும், முன்பு அங்கே ஒரு தச்சர் இருந்தார், அவர் போடாத சத்தமா? மாடியிலேயே குடியிருக்கப் போகிறீர்களா, ரொம்ப சந்தோஷம், பூட்டியே கிடந்தால் வீடு பாழாகிவிடும். அடுப்பு பழசு, அதை மாற்றித் தந்துவிடுகிறேன். மொட்டைமாடியில் கொடி கட்டித் துணி காயப்போடுங்கள், வெயில் நன்றாக விழும். வேறு ஏதாவது உண்டா? இல்லையென்றால் இப்போதே ஒரு வார்த்தை சொல்லு பெண்ணே, இன்றைக்கே உன் சித்தப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.



அந்த அம்மா முடியாது என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் தூசி, மாடிக் குடித்தனம் என்று இந்த இரண்டையும் கேட்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்றை அப்பா. இன்னொன்றை அம்மா. ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர்.

“ஒரு நிமிஷம்” என்று அந்த ஊர் மொழியில் கட்டடக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, போனைத் தையல் மிஷின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

“எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க” என்றாள்.

“எல்லாத்துக்குமா?” என்றார் அப்பா.

“எல்லாத்துக்குமா?” என்றாள் அம்மா.

பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, பரிசு விழுந்தவர்கள் மாதிரி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது சித்தப்பாதான். அவளுக்கு வாய் ஜாஸ்தி என்று அவர் நினைப்பு. உண்மையில் அவள் தனக்காகப் பேசியது குறைவு. நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவள் வேலை தூது போவது. அப்பாவும் அம்மாவும் கோபமாக இருந்தால் ஒரே அறையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, “சாப்பாடு ஆறிப்போகுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்பாள் அம்மா. “பசியில்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்பார் அப்பா. நடுவில் இவள் நின்று அதே தமிழைத் தமிழிலேயே மொழிபெயர்ப்பாள். கொஞ்சம் சர்க்கரை சேர்த்து. “அப்பாவுக்கு அப்புறமா சாப்பிடணுமாம்.”

அவர்களுடையது குஷன் கடை. பழைய சோஃபா, நாற்காலி, கார் சீட் எல்லாவற்றையும் உரித்து, ஸ்பிரிங் மாற்றி, புது ஃபோம் வைத்து, புதுத் துணி போர்த்திக் கொடுக்கிற கடை. உரிப்பதும் கட்டுவதும் அப்பா. துணி வெட்டுவதும் தைப்பதும் அம்மா. கோடு போட்ட துணியைச் சோஃபாவுக்கு வெட்டினால் சாய்மானத்தில் இறங்குகிற கோடு இருக்கையில் தொடர்ந்து தரை வரைக்கும் நேராக ஓடும். இவ்வளவு இருந்தும் இப்போது யாரும் வருவதில்லை. இத்துப்போன சோஃபாவைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது தெருவுக்குத் தெரியக் கூடாது என்று அப்பா கடை வாசலில் இருக்கும் ஒரே நாற்காலியை உரித்து உரித்துத் திரும்பத் திரும்பப் போர்த்திக்கொண்டிருந்தார். போன வாரம் அது பச்சை. இந்த வாரம் காப்பிக் கலர்.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வீடியோ அனுப்பினார். “அண்ணே, இங்க வீட்டுக்கு வீடு தாத்தா காலத்து சோஃபா. தூக்கிப் போடவே மாட்டேங்குறானுங்க. ஆனா தைக்க ஆள் கெடையாது. வந்து கடையப் போடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்.” சித்தப்பா ‘மிச்சத்த நான் பாத்துக்கறேன்’ என்று சொன்ன எதையும் இதுவரை பார்த்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் அவர் ஒரு கடையைக் கண்டுபிடித்தார். கடைக்கு மேலே மாடி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டடக்காரம்மா. அந்த அம்மாவுக்குச் சித்தப்பாவின் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது போல. கடை எடுக்கிறவரிடமே நேராகப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அந்த ஊர் மொழி படித்தவள் வீட்டில் ஒருத்திதான். அப்படியாக வக்கீலுக்குக் கேஸ் வந்து சேர்ந்தது.

முதலில் எல்லாருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா தன் தங்கையிடம் போனில் பெருமை அடித்தாள். வக்கீல் வகுப்பில் சொல்லி, இரண்டு பேர் வயிறெரிந்ததைக் கண்ணால் பார்த்தாள். அதன் பிறகு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தூக்கம் போனது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா கேட்டது நேற்று. கவிழ்த்துப் போட்ட நாற்காலிக்கு அடியில் தலையை விட்டு ஆணி பிடுங்கிக்கொண்டே, வெளியே வராமல் பேசினார்.

“பாப்பா, நாளைக்கு அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளு. பழைய பஞ்சப் பிரிச்சா தூசி கடை பூரா பறக்கும். ஆணி அடிக்கக் கம்ப்ரெஸர் போட்டா நாள் முழுக்கக் கத்தும். அக்கம்பக்கத்துல ஒரு பய தூங்க முடியாது. இதுக்கு ஒத்துக்குவாங்களான்னு கேளு.”

“நம்ம கம்ப்ரெஸர் அவ்வளவு கத்தாதேப்பா.”

“கத்தும்னு சொல்லு. கொஞ்சம் கூட்டியே சொல்லு.”

“அப்படிச் சொன்னா வேண்டாம்னுருவாங்க.”

நாற்காலிக்கு அடியிலிருந்து ஆணி ஒன்று ‘டக்’கென்று விழுந்தது. “சொன்னா என்ன பண்றது? நம்ம தலையெழுத்துன்னு விட்டுற வேண்டியதுதான்” என்றார். பிறகு அவசரமாக, “உங்கம்மாகிட்ட உளறிடாதே. பாவம், ரொம்ப ஆசையா இருக்கா.”

அம்மா கேட்டது இன்று காலை. சாக்கட்டியால் துணியில் கோடு இழுத்துக்கொண்டே, ஏதோ உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“ஏண்டி, அந்த மாடி சும்மாதானே கெடக்கு? நாங்க அங்கயே குடியிருப்போம், சமைப்போம், துணி தொவைச்சுக் கொடியில தொங்கவிடுவோம்னு சொல்லு. எந்தக் கட்டடக்காரி ஒத்துக்குவா?”

“உனக்குப் போக இஷ்டமில்லயாம்மா?”

“நான் அப்படிச் சொன்னேனா? நீயா எதையாவது கற்பன பண்ணாதே.” சாக்கட்டி இரண்டாக உடைந்தது. “உங்கப்பா காதுல போட்டுறாதே. அந்த மனுஷன் தூக்கத்துல கூட அங்க போர்டு மாட்டிட்டு இருக்காரு. நாளைக்கு ஒண்ணுன்னா ‘உன்னாலதான் நான் போகல’ன்னு கட்டையில போற வரைக்கும் சொல்லிக்காட்டுவாரு.”

இது முதல் தடவையும் அல்ல. போன வாரம் அப்பா, மத்தியானம் கடையை மூடிவிட்டுத் தூங்குவோம் என்று சொல்லச் சொன்னார். நல்ல பழக்கம், நானும் தூங்குவேன் என்றார் கட்டடக்காரம்மா. அதற்கு முந்தின வாரம் அம்மா, வாசல் கதவு குறுகல், சோஃபா நுழையாது என்று சொல்லச் சொன்னாள். கதவை அகலமாக்கித் தருகிறேன் என்றார் அந்த அம்மா. உலகத்தில் இருக்கிற இத்தனை கடுகடுப்பான கட்டடக்காரர்களில் இவ்வளவு நல்லவரைத் தேடிப் பிடித்த சித்தப்பாவை வக்கீல் மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. இப்படி ஒருத்தர் நல்லவராக இருந்தால் மனுஷர்கள் எப்படித்தான் தப்பிப்பது?

இப்போது கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கவிழ்ந்த போனுக்குள்ளிருந்து கட்டடக்காரம்மா மெல்லப் பாட்டு முணுமுணுப்பது கேட்டது. காத்திருக்கிறாராம்.

“சரி, அப்புறம் என்ன?” என்றார் அப்பா. கைகளைத் தேய்த்துக்கொண்டார். “நல்ல செய்தி. இல்ல?”

“நல்ல செய்திதான்” என்றாள் அம்மா. “ஆமா, எதுக்கு அப்படி ‘எல்லாத்துக்குமா’ன்னு சொன்னீங்க?”

“நீயும்தான் சொன்ன.”

“நான் சந்தோஷத்துல சொன்னேன்.”

“நானும் சந்தோஷத்துலதான் சொன்னேன்.”

வக்கீல் பல்லைக் கடித்தாள். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று மூன்றெழுத்து, நான்கெழுத்து, எத்தனை எழுத்தோ, அதைச் சொன்னால் தீர்ந்தது. சொல்ல மாட்டார்கள். விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகும் சொல்ல மாட்டார்கள். அங்கே போய்க் கடை திறந்து, ‘உனக்காகத்தான் வந்தேன்’, ‘நான் உங்களுக்காகத்தான் வந்தேன்’ என்று ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். நடுவில் அவள் நின்று சர்க்கரை சேர்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் வந்தார். கையில் அளவு டேப். இந்தக் கடையைக் காலி செய்தால் நடுச் சுவரை இடித்துத் தன் கடையோடு சேர்த்துக்கொள்ள அவருக்கு ஆசை. வாரத்தில் பாதி நாள் வந்து அதே சுவரை அளந்துவிட்டுப் போவார், ஏதோ அது இரவில் வளர்ந்துவிடும் என்கிற மாதிரி.

“என்னண்ணே, போன் பேசுற சத்தம் கேட்டுச்சு. முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான்” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

“முடிஞ்ச மாதிரிதாண்ணே” என்றாள் அம்மாவும், பின்பாட்டு மாதிரி.

“அடி சக்கை! அப்போ நான் ஆளைக் கூட்டியாந்து சுவரக் காட்டிறட்டுமா?” அவர் டேப்பை உருவி, காப்பிக் கலர் நாற்காலியில் ஏறி நின்றார். செருப்புக் காலோடு.

“எறங்குங்க!” என்று கத்தினாள் வக்கீல்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“ஒண்ணும் முடியல. யாரும் எங்கயும் போகல. எறங்குங்க முதல்ல. அப்பா, நீங்க தூசி, சத்தம்னு எதுக்குக் கேக்கச் சொன்னீங்க? அவங்க வேண்டாம்னு சொல்லணும்னுதானே? அம்மா, நீ மாடியில குடித்தனம்னு எதுக்குச் சொல்லச் சொன்ன? அதுக்கும் அதுதானே? உங்க ரெண்டு பேருக்கும் போக இஷ்டமில்ல. அத நேரா சொல்லிக்கத் துப்பில்ல. அதுக்கு ஊர் உலகத்துல இல்லாத ஒரு நல்ல பொம்பளைய ‘முடியாது’ன்னு சொல்ல வைக்க என்னய ஏவி விட்டிருக்கீங்க. நான் என்ன உங்க வேலைக்காரியா?”

பெயின்ட் கடைக்காரர் மெதுவாகக் கீழே இறங்கினார். டேப் ‘சர்ர்’ரென்று உள்ளே ஓடியது. “நான் அப்புறமா வரேன்” என்றார். வாசல் வரை போய், “அவசரம் ஒண்ணுமில்ல. சொந்த சுவரு மாதிரிதான்” என்று சேர்த்துவிட்டு நழுவினார்.



“நீ கேக்கச் சொன்னியா?” என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

“நீங்க?” என்றாள் அம்மா. “அடப்பாவி மனுஷா! ராவும் பகலும் கடை, கடைன்னு என் தலையில மொளகா அரைச்சீங்களே, போக மனசில்லாமலா அரைச்சீங்க?”

“நீதானே உன் தங்கச்சிகிட்ட, ‘இப்பவாவது இவரு ஒரு முடிவெடுத்தாரு’ன்ன. நான் காதால கேட்டேன். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வேண்டாம்பேன்?”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது! போன்ல எல்லாரும் சொல்றது! அத ஒட்டுக் கேட்டு, அதுக்காக நாடு விட்டு நாடு போவீங்களா?”

“நீ மட்டும் என்னவாம்? வாயத் தொறந்து சொல்லிருக்கலாமே?”

“சொன்னா விடுவீங்களா? உங்க அண்ணன் கல்யாணத்துக்குப் போக வேண்டாம்னு நான் சொன்னத இன்னும் சொல்லிக்காட்டலயா நீங்க?”

கவிழ்ந்த போன் ஏதோ கேட்டது. வக்கீல் எடுத்துக் காதில் வைத்தாள். அங்கே ஏதாவது பிரச்சினையா, சண்டை மாதிரி கேட்கிறதே என்று கவலைப்பட்டார் கட்டடக்காரம்மா.

“இல்லை, சந்தோஷத்தில் பேசிக்கொள்கிறார்கள்” என்றாள் வக்கீல்.

நல்ல குடும்பம், மெதுவாகப் பேசி முடிக்கட்டும், நான் இருக்கிறேன் என்றார் அந்த அம்மா.

வக்கீல் போனைத் திரும்பக் கவிழ்த்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி இவர்கள் இரண்டு பேரும் ஒரு மூச்சுச் சண்டை போட்டு, போகவில்லை என்று முடிவெடுத்து, அவள் ஒரு ‘மன்னியுங்கள்’ சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் சண்டை அப்படிப் போகவில்லை. அப்பா நாற்காலியில் பெயின்ட் கடைக்காரர் விட்டுப்போன செருப்புத் தடத்தைக் கையால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே பேசினார்.

“வேலைக்குப் பயமில்ல. எந்த ஊரு சோஃபாவா இருந்தா என்ன, உள்ள இருக்கறது ஸ்பிரிங்தான். என் வாய நெனச்சாத்தான் பயம். இத்தன வருஷம் இந்த வாய வெச்சுத்தானே பொழச்சேன்? சோஃபாவப் பாத்ததும், ‘இந்த மூலையில மட்டும் பள்ளமா இருக்கே, வீட்டுக்காரரு ரிடையர் ஆயிட்டாரா’ம்பேன். அவங்க சிரிப்பாங்க. சிரிச்சவங்க வேற கடைக்குப் போக மாட்டாங்க. அங்க போனா நான் ஊமை. நான் சொல்றத இவ சொல்லணும். போன தடவ, என் பொண்டாட்டி கத்திரிய எடுத்தா நான் ரெண்டடி தள்ளி நிப்பேன்னு அந்தம்மாகிட்ட ஒரு ஜோக் சொன்னேன். இவ எடுத்துச் சொன்னா. அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“வீட்டுல எல்லாம் பத்திரமா இருக்கீங்களான்னு கேட்டாங்க” என்றாள் வக்கீல்.

“பாத்தியா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. “எனக்கும் வாய நெனச்சாத்தான் பயம்” என்றாள். “உங்க வாய் இல்ல. இவ வாய். கடைக்கு ஒருத்தரு வந்தா இவ வந்து பேசணும். டாக்டர்கிட்ட எனக்கு எங்க வலிக்குதுன்னு இவ சொல்லணும். கரன்ட் போனா இவ. கதவத் தட்டுனா இவ. அதுக்கப்புறம் இவ எங்க படிக்கறது, எங்க போறது? கவுன்ட்டருக்குப் பின்னாடி ஸ்டூலப் போட்டு உக்கார வெச்சுருவோம். வெச்சுட்டு, ‘எம்பொண்ணு இல்லன்னா எங்களுக்கு ஒண்ணும் ஓடாது’ன்னு பெருமையா வேற பேசுவோம்.”

எத்தனையோ ராத்திரி போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு வக்கீல் பார்த்த ஸ்டூல் அதுதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாள்? தெரிந்ததற்கு அவள் மேல் பாசம் வர வேண்டும். கோபம்தான் வந்தது.

“அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றாள். “என்னயப் பத்தித்தானே? என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?”

“உனக்குப் போக ஆசைன்னு நெனச்சேன். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தியேடி.”

வக்கீலும் அதைத்தான் செய்திருக்கிறாள். தெருவுக்குச் சொன்ன அப்பா, தங்கைக்குச் சொன்ன அம்மா, வகுப்புக்குச் சொன்ன அவள். இந்தக் குடும்பத்தில் ஊருக்குச் சொல்லிவிட்ட ஒன்றை வீட்டுக்குள் மாற்றிச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

“சரி, போக வேண்டாம். நான் சொல்லிடறேன்” என்று போனை எடுத்தாள்.

“இரு” என்றார் அப்பா.

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் உருட்டி நிறுத்திய ரெக்சின். வெட்ட வேண்டிய ஃபோம் எதுவும் இல்லாத வெட்டுப் பலகை. போர்த்துவதற்கு வேறொன்றும் இல்லாத அந்த ஒற்றை நாற்காலி. வக்கீலும் பார்த்தாள். இந்த மாதம் அந்த வாசல்படி ஏறி வந்தவர்கள் வழி கேட்க வந்தவர்களும் பெயின்ட் கடைக்காரரும்தான். அடுத்த வாரம் நாற்காலி நீலமாகும். அதற்கடுத்த வாரம்? போகவில்லை என்று சொல்வது சுலபம். சொன்ன பிறகு இங்கே என்ன இருக்கிறது?

“இங்கயும் வண்டி ஓடலயே பாப்பா” என்றார் அப்பா. இவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. “அது உனக்கும் தெரியும்.”

அம்மா கத்திரியை ஒருவழியாகப் பலகையில் வைத்தாள்.

“உனக்கு ஒரு அக்கா இருந்தாலாவது உன்ன அவ வீட்டுல விட்டுட்டுப் போலாம். அதுவும் இல்ல” என்றார் அப்பா, தனக்குள் கணக்குப் போடுகிறவர் மாதிரி. “ஹாஸ்டல்ல இருந்து படிப்பியா? நீ இங்க இரு. நாங்க ரெண்டு பேரும் மட்டும் போறோம். என்னங்கற?” என்று அம்மாவைப் பார்த்தார்.

“இவள விட்டுட்டா?”

“இவ வாழ்க்கையக் கெடுக்காம போணும்னா வேற எப்படிப் போறது?”

இது வக்கீல் கேட்டதே இல்லை. ஸ்டூலில் உட்கார வேண்டாம் என்றுதான் நினைத்தாள். இவர்கள் இல்லாத ஒரு வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அப்பா கடை வாசலில் நின்று யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், எதிரில் இருப்பவர் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்து, வலி எங்கே என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள். அவள் காட்டுவதைத் தவறாகப் புரிந்துகொண்டு அவர் ஏதோ எழுதுகிறார்.

போனுக்குள் கட்டடக்காரம்மா பாட்டை நிறுத்திவிட்டு, இருக்கிறாயா பெண்ணே, உங்கள் பதிலை என்னவென்று எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டார்.

அப்பா போனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். இந்தத் தடவை இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பது கேட்பதற்கு முன்பே தெரிந்தது.

“சர்க்கர தடவாம சொல்லு பாப்பா” என்றார் அப்பா. “நீ இல்லாம நாங்க ரெண்டு பேரும் அங்க போயி குப்ப கொட்ட முடியுமா?”